மைக்கறைக் கணக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணாச்சிக்கு மூளையில் கட்டி, அதுவும் க்ளையோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் புற்றுக்கட்டி என்று படித்ததும் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நம் இரண்டு பேருக்கும் ஹாஸ்டல் பீஸ் கட்டிய மனிதர் அல்லவா.

டாக்டர் இன்னும் 15 மாதம்தான் இருப்பார் என்று சொன்னது அண்ணாச்சிக்கென்றே போட்ட கணக்கா, பொதுவாகப் போட்ட கணக்கா என்று கேட்டிருந்தாய். பொதுக் கணக்குதான். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் 573 நோயாளிகள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்கள் உயிரோடு இருந்த காலத்தின் இடைநிலை அளவு 12.1 மாதம், கூடவே டெமோசோலமைட் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 14.6. இடைநிலை அளவு என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் இரண்டு வருடத்தையே தாண்டினார்கள்.

அப்புறம் தேடிப் படித்ததில் நம் பழைய பாடமே எதிரில் வந்து நின்றது. 1990-களில் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் முர்ரே என்ற கணிதப் பேராசிரியரும் எல்ஸ்வொர்த் ஆல்வர்ட் என்ற மருத்துவரும் முர்ரேயின் மாணவி கிறிஸ்டின் ஸ்வான்சனும் இந்தக் கட்டிக்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். எம்.எஸ்ஸி.யில் நம்மைப் பாடாய்ப் படுத்திய அதே வெப்பப் பரவல் சமன்பாடு, செல்கள் பெருகுவதைச் சொல்லும் ஒரு பகுதி மட்டும் கூடுதல்! செல்கள் பரவும் வீதம் ஓர் எண், பெருகும் வீதம் இன்னொன்று. இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த இரண்டையும் நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்தே எடுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். உன் வெள்ளைச் சட்டைப் பையில் பேனா கக்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நடுவில் கெட்டி நீலம், சுற்றிலும் வெளிறிய வளையம். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த படத்தில் செல்கள் நெருங்கிக் கிடக்கும் இடம் பளிச்சென்று தெரியும். இன்னொரு வகைப் படத்தில் நீர் கோத்த வெளிவளையமும் தெரியும். வளையம் அகலமாக இருந்தால் பரவல் ஓங்கிய கட்டி, குறுகலாக இருந்தால் பெருக்கம் ஓங்கிய கட்டி. ஆக, இரண்டு எண்களின் விகிதம் கிடைத்துவிட்டது. சில நாள் கழித்து எடுத்த இரண்டாவது ஸ்கேனில் விளிம்பு நகரும் வேகம் தெரியும். அந்த வேகம் இரண்டு எண்களின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்தைப்போல இரு மடங்கு. 1937-ல் ஃபிஷர், மரபணு பரவுவதற்காகப் போட்ட கணக்கு அது (ஆமாம், புள்ளியியலில் உன் எஃப் அட்டவணைக்குப் பெயர் கொடுத்த அதே ஃபிஷர்தான்). விகிதமும் பெருக்கற்பலனும் கையில் இருந்தால் எண்களைப் பிரிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. சட்டையில் மை நூலோடு ஓடியதே, அதுபோல மூளையின் வெள்ளைப் பகுதியில் செல்கள் வேகமாக ஓடும். அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்த எண்களை வைத்து, வைத்தியமே செய்யாவிட்டால் ஒரு நோயாளியின் கட்டி இந்நேரம் எவ்வளவு இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வளர்த்துப் பார்க்கலாம். ரேடியேஷனுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனை அதன் பக்கத்தில் வைத்து, வைத்தியம் எத்தனை நாள் சம்பாதித்துக் கொடுத்தது என்று சொல்கிறார்கள். பாய்ந்து வளர வேண்டிய கட்டி கொஞ்சம்தான் வளர்ந்திருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். சுருங்கவில்லையே என்று அதை நிறுத்திவிடக் கூடாது. ஆளை ஊரோடு ஒப்பிடாமல் அவரோடேயே ஒப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

ரொம்ப நம்பிவிடாதே. இது பெரும்பாலும் ஆராய்ச்சியாகவே இருக்கிறது. கட்டிக்குள் எல்லாச் செல்லும் ஒரே குணமல்ல. ரேடியேஷனால் வரும் வீக்கமும் ஸ்கேனில் கட்டி வளர்ந்த மாதிரியே தெரியும். அண்ணாச்சிக்கு யாராவது இதைப் போட்டுத் தருவார்கள் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன்.

ஆனால் ஒன்று. என் மாமனாருக்கு முதலில் எடுத்த ஸ்கேன், மருத்துவமனை மாறும்போது எங்கேயோ போய்விட்டது. அப்புறம் வந்த ஒவ்வொரு டாக்டரும் "முன்னால் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார்கள். நாங்கள் விழித்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த அண்ணாச்சியின் சிடி இப்போது யாரிடம் இருக்கிறது? மதினியிடம் கேட்டு வாங்கி வை. மேலே தேதி எழுது. நான் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

அன்புடன்,
ராஜாமணி