மூன்றாவது மாஸ்டர் பிளானில் ஏழைக்கு எந்த இடம்?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் தலைவர், உறுப்பினர்கள், திட்ட அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சென்னை எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் திட்டமான மாஸ்டர் பிளானில், 2008-இல் வந்த இரண்டாவது பிளானின் காலம் 2026-உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது பிளான் உங்கள் கையில் இருக்கிறது. அதில் வீட்டுவசதி பற்றிய பகுதிக்காக மட்டும் இந்த மடல். எத்தனை லட்சம் வீடு தேவை என்று கணக்குப் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடு எந்த இடத்தில் வரும் என்பதையும் வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள்.

இடத்தைக் குறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருக்கிறவர்கள் கண்ணால் பார்த்துவிட்டோம். 2000 வாக்கில் அரசு கட்டிய கண்ணகி நகர் குடியிருப்பு வந்தது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 50,000 வீடுகள். நகரத்தின் நடுவிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களை ஒரே திசையில், ஒரே ஓரத்தில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறோம். நிலம் அங்கே கிடைத்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நகரத்தின் நடுவிலுள்ள சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுக்கும் ஒரு பெண் காலை ஆறரைக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு அவர் விடியும் முன்பே பேருந்துக்கு நிற்க வேண்டும். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி, மனமார நன்றி சொல்கிறேன். ஆனாலும் போகவர மூன்று மணி நேரம் போய்விட்டால் நாலு வீட்டு வேலை இரண்டு வீட்டு வேலையாகிவிடுகிறது. மீன் விற்கிறவர், பூக்கட்டுகிறவர், சென்ட்ரல் பக்கம் மூட்டை தூக்குகிறவர் எல்லோருக்கும் இதே கதிதான். அதனால் அரசு கொடுத்த போர்டு வீட்டைப் பூட்டிவிட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தவர்கள் உண்டு. உங்கள் கணக்கில் அந்தக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தாயிற்று.

பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை அப்புறப்படுத்தியது 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளை அந்த நேரத்தில் எந்தப் பள்ளிக்குப் போகும்?

வெள்ள அபாயம் என்று காரணம் சொல்லித்தான் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து மக்களை எழுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமாக நடந்தது. சரி, ஆற்றங்கரையில் உயிருக்கு ஆபத்து என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் சுற்றுப்புறம். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்கிறது. 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், பெற்ற சதுப்புநிலம் அது, தண்ணீர் அங்கே வரத்தான் செய்யும். ஒரு வெள்ளத்திலிருந்து காப்பாற்றி இன்னொரு வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டதற்கு என்ன பெயர் வைப்பது?

நகரத்துக்குள் இடமே இல்லை என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் கட்டிய குடியிருப்புகளில் பெரும்பாலானவை மக்கள் இருந்த இடத்திலேயோ அதன் அருகிலேயோ எழுந்தவைதான். பெயர் மாறிய இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் பழுதடைந்த அடுக்குகளை இடித்து அதே மண்ணில் உயர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறது. அரசுக்கே கைவந்த வேலை இது. அதையே பிளானின் பொது விதியாக எழுதுங்கள்: இருக்கும் இடத்திலேயே கட்டுவது முதலில், முடியாவிட்டால் நடந்து போகும் தூரத்தில், அதுவும் முடியாது என்று எழுத்தில் காரணம் காட்டினால் மட்டுமே வேறு இடம்.

இரண்டாவது பிளானின் விதிகளிலேயே நல்லதொன்று இருந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டமென்றால், மனையில் 10 சதவீதத்தைக் குறைந்த வருமானப் பிரிவினரின் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும், அந்த வீடுகள் அதே மனையிலோ 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்க வேண்டும் என்றது அது. எழுதியவர்களுக்கு இடத்தின் அருமை தெரிந்திருக்கிறது. அந்த விதியின் கீழ் எந்தெந்தத் தெருவில் எத்தனை வீடுகள் வந்தன, இன்று அவற்றில் குடியிருப்பது யார் என்ற பட்டியலை புதிய பிளானுக்கு முன் வெளியிடுங்கள். வீட்டுக்குப் பதிலாகக் கட்டணம் வாங்கிக்கொள்ளும் வழி இருந்தால், அந்தப் பணம் எந்த வட்டாரத்தில் வசூலாகிறதோ அங்கேயே வீடாக மாறட்டும்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் வரும் தடங்களில் நில விலை ஏறுவதைச் சொல்லத் தேவையில்லை. கட்டணம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) வாங்கி உயரமாகக் கட்டுகிறார்கள். பொதுப்பணத்தில் போட்ட ரயிலால் உயர்ந்த மதிப்பு அது. அதில் ஒரு பங்கைச் சின்ன வீடுகளாக, வாடகை வீடுகளாகவும், நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். காரில் போகிறவர்களைவிட ரயிலும் பேருந்தும் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தானே?

2022-இல் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதிவரை இப்போது உங்கள் வரைபடம். எனக்கு உள்ளபடியே பயம் தருவது இதுதான். முன்பு கடைசி எல்லை பெரும்பாக்கம் என்றால், அடுத்த இருபது ஆண்டில் அது எங்கே போய் நிற்கும்?

வரைவு பிளான் வெளிவந்து மக்களிடம் ஆட்சேபம் கேட்கும்போது முழு ஆவணத்தையும் தமிழில் தாருங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை எழும்பூர் அலுவலகத்தோடு முடித்துவிடாமல் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வையுங்கள், மற்ற நாளென்றால் அவர்கள் வேலையிலோ பேருந்திலோ இருப்பார்கள்.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூர்வாசி ஒருவர்