லெட்சுமியை விற்ற வருஷம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதையெல்லாம் அம்மா ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். ரவாங்கில் பார்த்து வைத்த வீட்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லையாம். பிள்ளை பற்றிக் கேட்டதற்கு "2029 கழியட்டும்மா" என்றாயாம். நீ அனுப்பிய வீடியோவை நானும் இரண்டு தரம் பார்த்தேன். அப்போஃபிஸ் என்ற கல் 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை பூமியில் விழப்போகிறது, அரசாங்கங்கள் மறைக்கின்றன என்று அந்த ஆள் அடித்துப் பேசுகிறார். இதைப் போனில் பேசி முடிக்க முடியாது பாப்பா. அதனால்தான் கடிதம்.

பிள்ளை பெற்றுக்கொள்வது உன்னையும் மாப்பிள்ளையையும் சேர்ந்த விஷயம். அதில் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் ஒரு தேதிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறாய் என்றால் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு தேதியை நான் 9 வயதில் பார்த்தவன்.

1962 பிப்ரவரி. நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். மகர ராசியில் எட்டு கிரகங்கள் கூடுகின்றன, கிரகணமும் சேர்ந்து வருகிறது, 3ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதிக்குள் உலகம் அழியும் என்று இந்தியாவில் சோதிடர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கே ஊர் ஊராக யாகம் நடந்தது. அந்தப் பேச்சு கடல் தாண்டி எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் வந்தது. தாத்தா வாயில்லாப் பூச்சி, யார் எதைச் சொன்னாலும் நம்புவார். எங்களிடம் லெட்சுமி என்று ஒரு கறவை மாடு இருந்தது, கன்றும் இருந்தது. சாகும்போது யாருக்கும் கடன் வைக்கக் கூடாது என்று தாத்தா அவசர அவசரமாக அதைக் கன்றோடு 60 வெள்ளிக்கு விற்றார். நல்ல நாளில் மூன்று மடங்கு விலை போகும் மாடு. அந்தப் பணத்தில் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மாரியம்மன் கோயில் பூசைக்கே தந்துவிட்டார்.

4ஆம் தேதி ராத்திரி தோட்டத்துச் சனம் முழுக்கக் கோயிலில்தான். பஜனை, அழுகை, தூங்கிவிழும் பிள்ளைகள். நடுராத்திரியில் திடீரென்று பட பட பட என்று வெடிச் சத்தம். பெண்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தரையில் விழுந்துவிட்டார்கள். என் மேல் பாட்டி கவிழ்ந்து கிடந்தார். பாட்டியின் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வருஷம் சீனப் பெருநாள் பிப்ரவரி 5. ரோட்டோரச் சீனர் கடைகளில் புது வருஷத்துக்குப் பட்டாசு கொளுத்தியிருக்கிறார்கள்.

மறுநாளைக்கு மறுநாள் விடியற்காலை பாட்டி பழக்க தோஷத்தில் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். முளைக்குச்சி இருந்தது, கயிறு தேய்த்த தடம் இருந்தது, மாடு இல்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு தம்பிக்குப் பால் வேண்டுமென்றால் மாட்டை வாங்கிய அந்த ஆளிடம்தான் போக வேண்டும். எங்கள் மாட்டுப் பாலையே நாங்கள் கடனுக்கு வாங்கினோம். நாள் குறித்த சோதிடர் யாரும் அந்தக் கடனைக் கட்ட வரவில்லை.

பிறகு 30 வருஷம் ஃபெர்ரியில் வேலை பார்த்தபோதுதான் அந்தக் கிரகச் சேர்க்கை எனக்கு விளங்கியது. ராத்திரியில் பட்டர்வொர்த் பக்கமிருந்து பார்த்தால் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்த மாதிரி இருக்கும். கிட்டப் போனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் மைல் கணக்கில் தூரம். ஒரே ராசியில் நின்ற கிரகங்களும் அப்படித்தான். நம் கண்ணுக்குத்தான் கூட்டம். சனியால் அங்கிருந்து நம்மை அசைக்கவே முடியாது, அது கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

தாத்தா மட்டும் ஏமாந்தார் என்று நினைக்காதே. 1844இல் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் பேச்சை நம்பியவர்கள் அக்டோபர் 22ஆம் தேதிக்குக் காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டுவிட்டார்கள். 2011இல் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். அவரை நம்பி, ஓய்வுக்காலச் சேமிப்பை விளம்பரப் பலகைகளில் கொட்டியவர்கள் உண்டு. அடுத்த வருஷம் தாம் நாள் குறித்தது பாவம் என்று கேம்பிங் ஒப்புக்கொண்டார். போன சேமிப்பு போனதுதான்.

அம்மா வேறு "கலி முத்திடுச்சு" என்கிறாள். நம் கணக்கை எடுத்துக்கொண்டாலும் கலியுகம் 4,32,000 ஆண்டு. கழிந்தது 5,100 சொச்சம்தான்.

இப்போது உன் கல்லுக்கு வருகிறேன். 2004 ஜூனில் அரிசோனாவில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த டிசம்பரில் கணக்குப் போட்டபோது 2029இல் பூமியில் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று வந்தது. அதை அவர்கள் ஒளிக்கவில்லை, வந்த எண்ணை அப்படியே வெளியிட்டார்கள். மார்ச் மாதமே எடுத்திருந்த பழைய படங்களில் அதே கல் இருப்பதைத் தேடிப் பிடித்து, கணக்கைத் திருத்தி, மோதாது என்றும் அவர்களே சொன்னார்கள். 2021இல் ரேடார் வைத்து மறுபடி அளந்தார்கள். குறைந்தது 100 ஆண்டுக்குப் பயமில்லை. 2029இல் அது ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில் நம்மைக் கடந்து போய்விடும். மறைக்க நினைப்பவன் அந்த 2.7ஐ ஊருக்குச் சொல்லியிருப்பானா பாப்பா? அந்த வீடியோ ஆள் பழைய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, திருத்தத்தை விட்டுவிட்டார். எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

அந்த 2.7 சதவீதம் வெளிவந்த தேதி என்ன தெரியுமா? 2004 டிசம்பர் 27. முதல் நாள்தான் சுனாமி. அந்தச் செய்தியைக் கவனிக்க இங்கே யாருக்கு மனம் இருந்தது!

உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்கு 11 வயது. ஞாயிறு காலை 9 மணிவாக்கில் நம் ஃபிளாட்டில் விளக்கு ஆடியது. எல்லாரும் கீழே இறங்கினோம், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறிவிட்டோம். மதியம் 1 மணிக்கு மேல்தான் அலை வந்தது. இடையில் நாலு மணி நேரம் இருந்தது, கயல். அந்த நாலு மணி நேரத்தில் பத்து பெரிங்கியிலும் பாலிக் புலாவ் பக்கத்திலும் பிள்ளைகள் கடலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் மட்டும் 52 பேர், நாடு முழுக்க 68 பேர். என்னோடு வேலை பார்த்த ஒருவர் தங்கை மகனைப் பறிகொடுத்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்த என்னிடம் நீ கேட்டாய், "இது வரும்னு யாருக்குமே தெரியாதாப்பா?" அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தெரிந்திருக்க முடியும். நிலம் ஆடியது பதிவாகியிருந்தது. இந்தியப் பெருங்கடலில் அலையை அளந்து சொல்லும் ஏற்பாடுதான் இல்லை, கடற்கரையில் சங்கு ஊத வழியில்லை. அதன் பிறகுதான் எச்சரிக்கை மையம், கடலில் மிதவைகள், கரையில் சைரன் எல்லாம் வந்தன. எந்த ஆரூடக்காரரும் அந்த டிசம்பர் 26ஐச் சொல்லி நான் கேட்கவில்லை. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஆபத்து என்றால், எதை அளந்தீர்கள், அளவு மாறினால் சொல்வீர்களா என்று கேட்பேன். நீயும் கேள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு நிஜமான கோளாறு. வருஷக்கணக்கில் உட்கார்ந்து திருத்தினார்கள், அதனால்தான் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கல் விஷயத்திலும் சும்மா இருக்கவில்லை. 2022 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தை டைமார்ஃபோஸ் என்ற சின்னக் கல்லின் மேல் மோதவிட்டு, அது பக்கத்துப் பெரிய கல்லைச் சுற்றும் நேரத்தை 32 நிமிடம் குறைத்துக் காட்டியது. நாளை இருக்கிறது என்று நம்புகிறவர்கள் செய்கிற வேலை இது. லெட்சுமியை வாங்கிய ஆளும் அப்படி நம்பியவர்தான்.

2025 ஜூலையில், ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்று 5ஆம் தேதி பேரழிவு வரும் என்று சொன்னதாகக் கேட்டு நீ பயணத்தை ரத்து செய்தாய். டிக்கெட் பணம் திரும்பவில்லை. அப்போது நான் பேசாமல் இருந்தது தப்பு.

முன்பணத்துக்குக் குறைந்தால் கூச்சப்படாமல் சொல். அம்மா பெயரில் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன், உனக்காகத்தான்.

இன்னொன்று. நம் நேரப்படி அந்தக் கல் மிக அருகே வருவது ஏப்ரல் 14ஆம் தேதி விடியற்காலை, 6 மணிக்குச் சற்று முன்னால். அன்றைக்குச் சித்திரை 1. அம்மா அந்நேரம் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள், நான் மாவிலைத் தோரணம் கட்டுவேன். சனிக்கிழமைதான், லீவு எடுக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் ஆகியிருந்தாலும் எல்லாருமாக வெள்ளி ராத்திரியே வந்துவிடுங்கள். காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகலாம்.

அன்புடன்,
அப்பா