இது எந்தப் படப் பாட்டும் இல்லை

யாழ்ப்பாணத்துக் கோயில்களின் நிர்வாக சபையாருக்கும், திருவிழா இரவுகளுக்கு இசைக்குழு பிடிக்கும் உபயகாரருக்கும்,

வணக்கம். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பேர் தெரியாது. மேடையில் இடப்பக்கம், ட்றம்ஸ்காரருக்கு முன்னால், இரண்டு தட்டுக் கீபோட்டுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு நிற்கிற ஆள் நான்தான். வலிகாமத்தில் உங்கள் கோயில் எதுவாக இருந்தாலும் அதன் வீதியில் ஒருமுறையாவது வாசித்திருப்பேன். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இதுவரை கச்சேரிக் காசையும், நடுச்சாமத்தில் ஒரு பிளேன்ரீயையும் தவிர உங்களிடம் வேறொன்றும் கேட்டதில்லை. இன்றைக்கு ஒன்று கேட்கப்போகிறேன்: உங்கள் கோயில் மேடையில் ஒரு சொந்தப் பாட்டுக்கு இடம்.

என் அக்காவின் மகள் பாட்டு எழுதுகிறாள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிற்றாரோடு தானே பாடுகிறாள். இருபத்தாறு வயது. பின்னேரங்களில் ஒரு ரியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பிக்கிறாள். நாலு வருடத்தில் ஐந்து பாட்டு வெளிவந்திருக்கிறது. பின்னால் எந்தக் கொம்பனியும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு இப்போது ‘சுயாதீனக் கலைஞர்’ என்று பேர். செலவெல்லாம் தன் தலையில் என்பதுதான் அதற்கு நான் கண்ட பொருள்.

முதல் பாட்டு 2022 இல் பதிவானது. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலம். வரும் நேரம் பார்த்து, அறைக் கதவில் மெத்தையைச் சாய்த்து, காற்றாடியை நிறுத்தி, வேர்த்து ஒழுகப் பாடினாள். ஒரு தடவை பிசகில்லாமல் வரும்; கடைசி வரியில், மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ ஒழுங்கைக்குள் நுழையும். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற நாட்களிலும் அது எப்படியோ வந்தது. அந்த ஓட்டோ போடுகிற மெட்டு பேத்தோவனுடையது. அதை எந்தப் படம் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை, பாண் சூடோ என்றுதான் கேட்கிறார்கள். கடைசியில் அவள் பாட்டின் வாலில் பாண் ஓட்டோவும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. அழிக்கச் சொன்னேன். “கிடக்கட்டும் மாமா, அது எங்கடை ஒழுங்கைதானே” என்றாள். வாழ்நாள் முழுக்க இரைச்சலோடு மல்லுக்கட்டின எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் அவளுக்கு வந்த செய்திகளில் பாதி அந்தப் பாண் ஓட்டோவைப் பற்றியவைதான்.

“பாட்டைப் போடத்தான் இன்ரநெற் இருக்குதே, பிறகேன் கோயில் மேடை?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாட்டுக் கேட்கிற ஸ்பொட்டிபை செயலி 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. ஏற்றிவிடுகிற நிறுவனத்துக்குக் காசு கட்டினால் ஆரும் பாட்டை ஏற்றலாம், அதில் கஷ்டமில்லை. ஆனால் 2024 இலிருந்து, 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒரு சதமும் கிடையாது. யூரியூப்பில் விளம்பரக் காசில் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர் வேண்டும், ஒரு வருடத்தில் 4000 மணித்தியாலம் பார்க்கப்பட்டிருக்கவும் வேண்டும். நாலு நிமிடப் பாட்டை 60,000 தடவை முழுதாகப் பார்த்தால்தான் அந்த 4000 நிரம்பும். கணக்கு அவள் போட்டது. போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த 60,000 க்கு முதல் ஆயிரம் பேர் எங்கிருந்து வருவார்கள்? நாங்கள் இருக்கிற இடத்தில் ஆயிரம் பேர் ஒன்றாகக் குந்தியிருந்து பாட்டுக் கேட்கிற ஒரே இடம் உங்கள் கோயில் வீதிதான்.

மண்டபம் எடுக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழும்பிய கலாசார மையத்தில் 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு இருக்கிறது. நல்ல அரங்கு. ஐந்து பாட்டு வைத்திருக்கிற பிள்ளை அந்த 600 கதிரையை எப்படி நிரப்புவாள்? வாடகைக்கே அவளுடைய ரியூசன் காசு பறந்துவிடும்.

இனி, இந்த மடலை எழுத வைத்த இரவுக்கு வருகிறேன். ஊர் பேர் வேண்டாம். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு பூங்காவனத் திருவிழா. அவள் எங்கள் குழுவில் பெண்குரல் பாடத் தொடங்கிச் சில மாதம். பட்டியலின் நடுவில் அவளுடைய சொந்தப் பாட்டு ஒன்றை நானே சேர்த்தேன். பருத்தித்துறைக்குப் போகிற கடைசி மினிபஸ்ஸைப் பற்றிய பாட்டு:

யன்னல் கரைச் சீற்றிலை என்ரை நிழல் ஏறிப்போகுது,
மிச்சக் காசு தராமல் பொழுதும் இறங்கிப்போகுது.

அறிவிப்பாளர் அவளுடைய பேரைச் சொன்னார். பாட்டும் அவளுடையது என்பதைச் சொல்லவில்லை. முதல் சரணம் முடிவதற்குள் முன்வரிசைப் பெடியளிடமிருந்து ஒரு சீட்டு மேடைக்கு வந்து என் கீபோட்டுக்கு மேல் குந்தியது. கச்சான் சுற்றின கடதாசி, எண்ணெய் ஊறியிருந்தது, அதோடு ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்று பின் குத்தியிருந்தது. “இது எந்தப் படம்? தெரியாத பாட்டு. நல்லதா ஒண்டு விடவும்.” நிமிர்ந்து பார்த்தேன். மேடை ஓரத்தில் நின்ற உபயகார ஐயா கையால் சுற்றிக் காட்டினார், மாத்து, மாத்து என்று.

மாற்றினேன். இரண்டாம் சரணத்துக்கு முன் நான் வாசிக்கவேண்டிய இடையிசையை விட்டுவிட்டு, அந்த வருடம் எல்லோரும் ஆடின படப் பாட்டொன்றின் தொடக்கத்தை வாசித்தேன். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்விட்டது என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கையெல்லாம் தானாகப் போகாது. அடுத்த வருடமும் அந்தக் கோயில் கச்சேரி எங்களுக்கே வரவேண்டும் என்று நினைத்துத்தான் வாசித்தேன். அவள் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்து, அந்தப் படப் பாட்டைச் சுருதி பிசகாமல் பாடினாள். சனம் எழும்பி ஆடியது. அடுத்த வருடமும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

விடியப்புறம் ஸ்பீக்கர் பெட்டிகளோடு பட்டா என்கிற சின்ன லொறியில் திரும்பும்போது அவள் பேசவில்லை. கொக்குவில் தாண்டினதும், “ஈ மைனரிலை நிண்டனியள், அந்தப் பாட்டுக்கு அவ்வளவு கெதியா எப்பிடி மாமா மாறினியள்?” என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பெரியோர்களே, அந்தச் சீட்டை எழுதின பெடியனில் எனக்குக் கோபமில்லை. அவனுக்குப் பாட்டென்றால் படம்தான். எங்களுக்கு அப்படி இருக்கவில்லை. அளவெட்டித் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தபோது நான் சின்னப் பிள்ளை. அவருடைய தவிலுக்காக விடியவிடிய வீதி மணலில் குந்தியிருந்த கதையை அப்பா சொல்லச்சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அதற்கெல்லாம் எந்தப் படம்? அதே காலத்தில்தான் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்று பாடி, ஊர்ப் பேச்சிலேயே பொப் பாட்டுப் பாடலாம் என்று காட்டினார். ஏ. ஈ. மனோகரன் பைலாத் தாளத்தில் ‘சுராங்கனி’யைப் பாடினார். அந்தப் பாட்டு 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் வந்தது. இன்றைக்கு எங்கள் மேடையில் அதை வாசித்தால், படப் பாட்டு என்றுதான் பாதிப் பேர் கைதட்டுகிறார்கள். இங்கிருந்து போன சரக்கு, அங்கே முத்திரை குத்தித் திரும்பி வந்திருக்கிறது.

பொய் சொல்லக்கூடாது, நாங்களும் படப் பாட்டில் ஊறினவர்கள்தான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோமே, அப்போது கேட்டதும் பெரும்பாலும் படப் பாட்டுத்தான். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் பாட்டு இழுபடும், பக்கத்தில் இருப்பவன் ஏசுவான். 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் முற்றவெளிக்கு வந்தபோதும் போனேன், 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் வந்தபோதும் போனேன். இரசித்தேன். படப் பாட்டை நிறுத்துங்கள் என்று கேட்க எனக்கென்ன விசரா? என் வீட்டு உலை கொதிப்பதே அதில்தான்.

நான் கேட்பது ஒரு இரவுக்கு ஒரு பாட்டு. ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில்தான் காரியமே இருக்கிறது.

ஒரு திருவிழாக் கச்சேரி இருபத்தைந்து பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் பக்திப் பாட்டு. பிள்ளையாரில் தொடங்கி அந்தக் கோயில் மூர்த்தியில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு இரண்டு பழைய பாட்டு. அம்மாமார் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சாயும் நேரம் அது, குஞ்சு குருமன்கள் இன்னும் நித்திரைக்குப் போகாத நேரம். பத்தாவதோ பதினொன்றாவதோ முதல் குத்துப் பாட்டு விழும். விழுந்தால் பிறகு திரும்பி வர வழியில்லை. அதற்குப் பின் மென்மையாக எதை வாசித்தாலும் சீட்டு வரும். ஆகவே அவளுடைய பாட்டு ஆறாவதாக வரவேண்டும். நான் அன்றைக்கு வைத்தது பன்னிரண்டாவது. அதுவும் என் பிழைதான், இவ்வளவு காலம் பட்டியல் போட்டவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“கடைசியாப் போடுவம்” என்று தயவுசெய்து சொல்லாதேங்கோ. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு உயர் நீதிமன்றம் 2007 இல் போட்ட கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும். விசேட அனுமதி எடுத்த கோயிலிலும், பிந்தினால் பொலிஸ் வந்து மணிக்கூட்டைக் காட்டும். அப்போது முதலில் வெட்டுப்படுவது கடைசிப் பாட்டு.

அறிவிப்பாளருக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுங்கள்: இந்தப் பாட்டை எழுதி, மெட்டமைத்துப் பாடுபவர் இன்னார், இன்ன ஊர். அவ்வளவும் போதும். ஊரைக் கட்டாயம் சொல்லவேண்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளை என்று தெரிந்தால் எங்கள் சனம் ஒரு பாட்டு முடியும்வரை பொறுக்கும், ஆருடைய மகள் என்று விசாரிக்கவாவது பொறுக்கும். படைத்தவரின் பேரைச் சொல்லவேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இருக்கிற உரிமை. ஒருவருடைய பாட்டைப் பொது மேடையில் பாடவும் அவருடைய சம்மதம் வேண்டும். அவர் உயிரோடிருக்கும் காலமும், அதற்குப் பிறகு 70 வருடமும் அந்த உரிமை நிற்கும். இதை எழுதும்போது எனக்கே உள்ளே குத்துகிறது. முப்பது வருடமாக ஆரிடமும் கேட்காமல் மற்றவர் பாட்டை வாசித்துச் சோறு தின்றவன் நான். சட்டம் படிப்பிக்க எனக்குத் தகுதி இல்லை. பேர் சொல்வதற்குக் காசு செலவில்லை என்பதையாவது சொல்லலாம்தானே.

காசைப் பற்றியும் பேசிவிடுகிறேன். கச்சேரித் தொகை கூடாது. அவள் பாடுவதற்கு எங்கள் குழுவே கொடுக்கும். நீங்கள் பாட்டுக்கென்று தனியாக ஒரு உறை கொடுங்கள், ஆயிரம் ரூபா வைத்தாலும் சரி. பாடினதற்கு ஒரு காசு, எழுதினதற்கு இன்னொரு காசு என்று இந்த ஊரில் ஒருமுறையாவது பிரித்துக் கொடுத்துப் பார்ப்போம். பொன்னாடை வேண்டாம். என் வீட்டு அலுமாரியில் இருப்பதையே என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு ஐயா தொலைபேசியில், “பொம்பிளைப் பிள்ளை, கிற்றாரும் கையுமா, கோயில் வீதியிலை…” என்று இழுத்தார். அதே பிள்ளை அதே வீதியில் குத்துப் பாட்டுப் பாடும்போது அவர் முன்வரிசையில் இருந்தவர். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இவள் ஒருத்திக்காக மட்டும் கேட்கவில்லை. சொல்லிசை (ராப்) பாடுகிற பெடியள் இருக்கிறார்கள், தொலைபேசியிலேயே தாளம் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் நல்ல பாட்டு என்று சொல்லமாட்டேன். இவளுடைய ஐந்திலேயே இரண்டு எனக்குப் பிடிக்காது, மூன்றாவது பாட்டில் சரணம் நீளம் என்று அவளுக்கே சொல்லியிருக்கிறேன். ஆனால் சனத்துக்கு முன்னால் பாடினால்தானே எந்த இடம் நீளம் என்று தெரியும். நான் வாசிக்கப் பழகினதும் உங்கள் வீதிகளில்தான், பிழை விட்டுப் பிழை விட்டு.

அடுத்த பருவத்துக்கு எங்களைப் பேச வருகிற உபயகாரருக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். பட்டியலில் ஆறாவது பாட்டு அவளுடையது, அந்த மினிபஸ்தான், இரண்டு சரணமும் முழுதாக. சம்மதமில்லாதவர்கள் வேறு குழுவைப் பிடிக்கலாம், மனஸ்தாபம் இல்லை. பெடியளுக்கும் ஒரு சொல்: சீட்டு எழுதுங்கோ, எவ்வளவும் எழுதுங்கோ. பாட்டு முடிஞ்ச பிறகு கொண்டுவந்து தாங்கோ. அதுவரை கீபோட்டுக்கு மேலே வைக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
இடப்பக்கக் கீபோட்காரன்
வலிகாமம்