சின்ன ஆபீசுக்கும் டிஎன்எஸ் வேண்டும்

ஆசிரியருக்கு,

பத்து கம்ப்யூட்டர் உள்ள ஆபீசில் டிஎன்எஸ் (பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை, ஒரே இடத்திலிருந்து சொல்லும் ஏற்பாடு) எதற்கு, ஒவ்வொன்றிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்ற பட்டியலில் பெயரையும் ஐபி முகவரியையும் எழுதிவிட்டால் போதுமே என்று நெட்வொர்க் போட வருகிறவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரிண்டரின் ஐபி மாறும் நாளில் மேசை மேசையாகப் போய் அந்த ஒரு வரியைத் திருத்தப்போவது யார்? இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டே ஒரு ஹோஸ்ட்ஸ் ஃபைலை வைத்துத்தான் ஓடியது, சமாளிக்க முடியாமல் போகவே 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

எதுவும் செய்யாமலே விண்டோஸ் பெயரைக் கண்டுபிடிக்கிறதே என்பார்கள். சரி, ஆனால் எப்படி? எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் என்ற இரண்டு முறைகள் வழியாக "இந்தப் பெயர் யாருடையது?" என்று எல்லோரையும் கூவிக் கேட்கிறது, ரவுட்டரைத் தாண்டி அந்தக் குரல் போகாது, அதைவிட மோசம், உள்ளே புகுந்த எவனும் "நான்தான்" என்று பதில் சொல்லி பாஸ்வேர்டு ஹாஷை (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவத்தை) வாங்கிவிடலாம். இரண்டையும் அணைத்துவிடுவதே நல்லது.

பல ரவுட்டர்களிலேயே சின்ன டிஎன்எஸ் வசதி இருக்கிறது. இல்லையா, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற இலவச மென்பொருளும் போதும், கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர்களுக்கு வைக்கும் பெயரின் பின்னால் 'டாட் லோக்கல்' மட்டும் வேண்டாம், அது டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே பெயரைத் தேடும் எம்டிஎன்எஸ் முறைக்கு உரியது. 'டாட் இன்டர்னல்' என்பதை உள் நெட்வொர்க்குகளுக்கென்றே 2024இல் இன்டர்நெட் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிவிட்டது. அப்புறம், இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8ஐப் போட்டுவைக்கிறார்கள், கம்ப்யூட்டர் சில நேரம் அங்கே போய் உங்கள் பிரிண்டரை விசாரிக்கும், கூகுளுக்கு அது எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்