கொள்ளையன் பிடித்தால் சம்பளம் உண்டு, கடற்படை பிடித்தால்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்லாண்டிக் கரையோர நாடுகளின் அரசியல் பற்றி நம் நாளிதழில் வந்த நீண்ட கட்டுரையை ஊன்றிப் படித்தேன். 2023 செப்டம்பரில் அமெரிக்கா முன்னின்று 32 நாடுகளைச் சேர்த்து அமைத்த அட்லாண்டிக் கூட்டுறவு அமைப்பு, 1986-ல் பிரேசில் முயற்சியால் ஐ.நா. சபை அறிவித்த தெற்கு அட்லாண்டிக் அமைதி மண்டலம், மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் சீனாவின் முதலீடு என்று எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கடலில் கப்பல் ஓட்டுகிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நான் டேங்கர் கப்பல்களில் வேலை பார்த்துத் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். லாகோஸ், பானி, லோமே என்று மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பலமுறை சரக்கு ஏற்றி இறக்கியிருக்கிறேன். விட்டுப்போன அந்த விஷயத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

செனகலிலிருந்து அங்கோலா வரை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய கடலைத்தான் கினியா வளைகுடா என்கிறோம். நைஜீரியா, அங்கோலா கச்சா எண்ணெய் இந்த வழியாகத்தான் நம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வருகிறது. சோமாலியக் கொள்ளையரைப் பற்றி நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கப்பலையே கரைக்கு இழுத்துப் போய், சரக்கோடு சேர்த்துப் பேரம் பேசுவார்கள். கினியா வளைகுடாவில் நடப்பது வேறு. அங்கே கப்பலை விட்டுவிட்டு ஆட்களைத் தூக்கிப் போவார்கள். நைஜீரியாவின் நைஜர் டெல்டாச் சதுப்புக் காட்டுக்குள் வாரக்கணக்கில் வைத்திருந்து பணம் கேட்பார்கள். 2020-ம் ஆண்டில் உலகம் முழுக்கக் கப்பல்களிலிருந்து கடத்தப்பட்ட 135 பேரில் 130 பேர் இந்த ஒரு வளைகுடாவில் கடத்தப்பட்டவர்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் நேவ் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய டேங்கரிலிருந்து 19 பேரைப் பிடித்துப் போனார்கள். அதில் 18 பேர் நம் நாட்டவர். அதே மாதம் டியூக் என்ற இன்னொரு டேங்கரிலிருந்து 20 இந்தியர்களைக் கொண்டு போனார்கள். ஒருவர் அங்கேயே இறந்து போனார்.

அந்தப் பக்கம் போகும் கப்பலில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை கரைப் பக்கம் நங்கூரம் போட மாட்டோம். நூறு, நூற்றைம்பது கடல் மைல் தள்ளி மிதந்துகொண்டிருப்போம். எஞ்சின் எந்த நிமிடமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். அந்தக் கவலை எங்கள் தலையில். இருட்டியதும் வெளி விளக்குகள் அணைந்துவிடும். ஜன்னல்களை உள்ளிருந்து மூடிவிடுவோம். கைப்பிடிக் கம்பிகளைச் சுற்றி ரேசர் வயர் என்ற கூரான முள்கம்பி இருக்கும். பாய்லர் சூட் என்கிற வேலை உடைக்குள் கந்தல் துணியை அடைத்து, காவலுக்கு ஆள் நிற்பதுபோல் கட்டி வைப்போம். யாராவது ஏறிவிட்டால் எல்லோரும் ஓடி ஒளிய ஓர் அறை உண்டு, சிட்டாடல் என்போம். பெரும்பாலும் கப்பலைத் திருப்பும் இயந்திரம் இருக்கும் ஸ்டியரிங் கியர் அறைதான். தண்ணீர், பிஸ்கட், சாட்டிலைட் போன் எல்லாம் முன்கூட்டியே அங்கே வைத்திருக்கும். காற்றோட்டத்தை அடைத்துவிட்டால் அந்த இரும்பு அறைக்குள் வெக்கை தாங்காது. பயிற்சிக்காக உள்ளே போன பையன்கள் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டி வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சோமாலியா பக்கம் துப்பாக்கியோடு தனியார் காவலர்களைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம். நைஜீரியா தன் கடல் எல்லைக்குள் அதை அனுமதிப்பதில்லை. அவர்களுடைய கடற்படை ஆட்களைத்தான் பாதுகாப்புக்கு நம்ப வேண்டும். தன் கடலில் வெளியார் துப்பாக்கி வேண்டாம் என்று ஒரு நாடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. காவலர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பது நமக்கே தெரியும். 2012-ல் கொல்லம் கடலில் என்ரிகா லெக்ஸி கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலிய வீரர்கள், கொள்ளையர் என்று நினைத்து மீனவர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஆனால் காவலே இல்லாத கப்பலை நோக்கி நடு இரவில் ஒரு படகு வந்தால், வருவது கடற்படையா, கடற்படை வேடம் போட்ட கொள்ளையனா என்று கேப்டன் எப்படிக் கண்டுபிடிப்பார்?

2022 ஆகஸ்டில் ஹீரோயிக் இதுன் கப்பலுக்கு நேர்ந்தது இதுதான். நைஜீரியாவின் அக்போ எண்ணெய் வயலில் சரக்கு ஏற்றப் போன ராட்சத டேங்கர் அது. கப்பலில் 26 பேர்: 16 இந்தியர்கள், 8 இலங்கையர்கள், ஒரு போலந்துக்காரர், ஒரு பிலிப்பைன்ஸ்காரர். இரவில் அடையாளம் தெரியாத படகு ஒன்று நெருங்கியது, கப்பலை நிறுத்தச் சொன்னது. இப்படி ஒரு நிலைமையில் செய்யச் சொல்லிக் கற்றுக்கொடுத்ததைத்தான் கேப்டன் செய்தார். வேகம் பிடித்துக் கடலுக்குள் ஓடினார், கொள்ளையர் துரத்துவதாக எச்சரிக்கை அனுப்பினார். வந்தது நைஜீரியக் கடற்படைதான் என்பது பிறகு தெரிந்தது. சில நாட்களில் பக்கத்து நாடான ஈக்வடோரியல் கினியா கப்பலைப் பிடித்தது. ஆட்களில் பாதிப் பேரைக் கரையில் அடைத்தார்கள், மீதிப் பேரைக் கப்பலிலேயே காவலில் வைத்தார்கள். கப்பல் தரப்பு அபராதம் கட்டியும் விடவில்லை. நவம்பரில் கப்பலையும் ஆட்களையும் நைஜீரியாவிடம் ஒப்படைத்தார்கள். அனுமதி இல்லாமல் எண்ணெய் ஏற்ற வந்தார்கள் என்று போர்ட் ஹார்கோர்ட் நீதிமன்றத்தில் வழக்கு. கொள்ளையர் தாக்குதல் என்று பொய்யாக அறிவித்தார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு! கடைசியில் சமரசம் ஆகி, பணம் கட்டி, 2023 மே இறுதியில்தான் வெளியே வந்தார்கள். ஒன்பது மாதங்களுக்கு மேல் போய்விட்டது.

எண்ணெய்த் திருட்டு நைஜீரியாவுக்கு உண்மையான தலைவலி, அதை நான் மறுக்கவில்லை. எண்ணெய் ஏற்றும் அனுமதிக் காகிதம் சரியா தவறா என்பது கப்பல் முதலாளி, வாடகைக்கு எடுத்தவர், எண்ணெய் நிறுவனம் ஆகியோருக்கு இடையே உள்ள விவகாரம். சமையல்காரரும் எஞ்சின் அறை ஆயில்மேனும் அதற்காக ஏன் காவலில் கிடக்க வேண்டும்?

இங்கேதான் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மாலுமிகளின் உரிமைக்கு அடிப்படையாக 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் இருக்கிறது; இந்தியா 2015-ல் அதை ஏற்றது. 2018-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது, 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடல் கொள்ளையர் பிடித்து வைத்திருக்கும் காலம் முழுவதும் மாலுமியின் வேலை ஒப்பந்தம் முடியாது, சம்பளம் தொடர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறது அது. நல்ல திருத்தம், பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. ஆனால் அது கொள்ளையர் பிடித்தால் மட்டும்தான். ஒரு நாட்டின் கடற்படை பிடித்து அடைத்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நல்ல முதலாளி என்றால் சம்பளம் வரும். மோசமான முதலாளி கப்பலையே கைகழுவிவிட்டுப் போனால், வீட்டுக் கடன் தவணைக்கு மனைவி யாரிடம் போய்க் கேட்பாள்? மாலுமிக்கு இரண்டும் அடைப்புதான்.

இதை வேறு நாட்டுக் குறையாக மட்டும் பேசினால் நேர்மையாக இருக்காது. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலை நம் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தது. கொள்ளையரைத் தடுக்கும் தனியார் காவலர்களும் அவர்கள் துப்பாக்கிகளும் இருந்த கப்பல். 35 பேர் கைதானார்கள், அதில் 12 பேர் இந்தியர்கள். உரிய அனுமதி இல்லாத ஆயுதம் என்பதால் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் 2016 ஜனவரியில் எல்லோருக்கும் ஐந்து வருடத் தண்டனை விதித்தார்கள், 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. ஆயுதக் கணக்கை யார் வைத்திருந்தார்களோ அவர்களோடு, கப்பலின் சமையல் ஆளும் எஞ்சின் ஆளும் சேர்ந்து நான்கு வருடத்தைத் தொலைத்தார்கள். நைஜீரியாவிடம் நாம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் நாமும் அதைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

கொள்ளை குறைந்திருக்கிறது என்பது உண்மை. கடல் கொள்ளையை ஒடுக்க 2013-ல் கேமரூன் தலைநகர் யாவுண்டேவில் 25 நாடுகள் கையெழுத்திட்ட நடத்தை விதி, 2019-ல் நைஜீரியா போட்ட தனிச் சட்டம், 2021-ல் அது தொடங்கிய டீப் ப்ளூ என்ற கடல் பாதுகாப்புத் திட்டம் எல்லாம் பலன் தந்திருக்கின்றன. ஹாய் லூ ஃபெங் 11 என்ற சீன மீன்பிடிக் கப்பலைக் கடத்திய பத்துப் பேருக்கு 2021-ல் 12 வருடச் சிறை கொடுத்தது நைஜீரிய நீதிமன்றம். ஆனால் வெளி நாட்டுக் கடற்படைகள் பிடித்தால் கதை வேறு மாதிரி முடிகிறது. 2021 நவம்பரில் எஸ்பர்ன் ஸ்னாரே என்ற டென்மார்க் போர்க்கப்பல் துப்பாக்கிச் சண்டையில் நான்கு பேரைக் கொன்று, நான்கு பேரைப் பிடித்தது. பிடித்தவர்களை ஏற்றுக்கொள்ள எந்தக் கரையோர நாடும் முன்வரவில்லை. காயம்பட்ட ஒருவரைத் தவிர மற்ற மூவரை ஒரு சிறு படகில் ஏற்றி, சாப்பாடும் எரிபொருளும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2025 மார்ச்சில் சாவோ தோமே தீவு நாட்டின் பக்கம் பிட்டு ரிவர் என்ற டேங்கரிலிருந்து பத்துப் பேரைக் கடத்தினார்கள். அதில் ஏழு பேர் மறுபடியும் நம்மவர்கள்தான்.

நைஜர் டெல்டாவில் பிறந்த பையன் ஏன் துப்பாக்கி எடுக்கிறான் என்பதையும் யாராவது எழுத வேண்டும். அறுபது எழுபது வருடமாக எண்ணெய் எடுத்த இடம். எண்ணெய் கசிந்து கெட்டுப்போன அங்குள்ள ஒகோனி நிலத்தைச் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருடம் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-லேயே சொன்னது. ஆற்று மீன் போய்விட்டது, கடல் மீனை வெளிநாட்டு ட்ராலர்கள் அள்ளுகின்றன. மீன்பிடி ஊரில் பிறந்த எனக்கு இது புரிகிறது. கடத்தலுக்கு இது நியாயம் ஆகாது, ஆனால் போர்க்கப்பலை மட்டும் அனுப்பினால் தீரப் போவதில்லை.

சரி, இந்தியா என்ன செய்யலாம்? நம் கடற்படை ஐஎன்எஸ் தர்காஷை 2022 செப்டம்பரில் கினியா வளைகுடாவுக்கு ரோந்துக்கு அனுப்பியது. பெருமையான விஷயம். ஆனால் அதே மாதத்தில்தான் ஹீரோயிக் இதுனின் 16 இந்தியர்கள் காவலில் இருந்தார்கள். போர்க்கப்பல் போய் அவர்களை மீட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கரையோடு கடற்படை உறவு வைத்திருக்கிற, அந்தக் கரையின் எண்ணெயை வாங்குகிற நாடு, பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைக்க முடியும். இரவில் வணிகக் கப்பலை நிறுத்தும் கடற்படைப் படகு, கேப்டன் உடனே சரிபார்க்கக்கூடிய வழியில் தன்னை அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு எந்த நேரமும் பதில் சொல்லும் ஒரு கட்டுப்பாட்டு மையம் வேண்டும். யாவுண்டே ஏற்பாட்டில் ஐவரி கோஸ்டின் அபிஜானிலும் காங்கோவின் புவாண்ட் நுவாரிலும் ஏற்கெனவே மண்டல மையங்கள் இருக்கின்றன, புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. அப்புறம், கைதான மாலுமிகளை நியாயமாக நடத்த 2025-ல் சர்வதேச கடல்சார் அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் வழிகாட்டு நெறிகள் கொண்டு வந்திருக்கின்றன. அவை யாரையும் கட்டுப்படுத்தாது. உலக மாலுமிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை அனுப்பும் நாடு, 2018 திருத்தத்தை அரசுகள் பிடித்து வைக்கும் மாலுமிகளுக்கும் நீட்டிக்கச் சொல்லி ஜெனீவாவில் உள்ள அந்தத் தொழிலாளர் அமைப்பிடம் கேட்க வேண்டும். கேட்க இலங்கைக்கும் அதே காரணம் இருக்கிறது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. ஆட்கள் கடத்தப்பட்ட அன்று முதல் பக்கத்தில் செய்தி போடுகிறீர்கள். விடுதலையானார்களா, சம்பளம் வந்ததா என்று பிறகு யாரும் எழுதுவதில்லை. அந்த வீடுகளுக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். என் தெருவில் ஒரு பையன் மேற்கு ஆப்பிரிக்கப் பயணம் வேண்டாம் என்று சொன்னான். ஆபத்துப் பகுதி என்று குறித்த இடத்துக்குப் போக மறுக்கும் உரிமை தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் ஏஜென்டிடமிருந்து அதன் பிறகு அவனுக்கு அழைப்பே வரவில்லை. இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

மகனைக் கப்பலுக்கு அனுப்பும் பெற்றோர், ஏஜென்டுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா, கப்பலுக்கு ஐடிஎஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஒப்பந்தமும் காப்பீடும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் தலைமைப் பொறியாளர்,
தூத்துக்குடி.