"இசை ஒலிக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள்

ஓடிடி தளங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கும், எதை எழுதலாம் எதை விடலாம் என்று அவர்களுக்குச் சொல்கிறவர்களுக்கும்,

வணக்கம். வெளிநாட்டுத் தொடர்களை உங்கள் தயவில்தான் பார்க்கிறேன். வசனங்களில் எனக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை. பாட்டு வந்தால்தான் நீங்கள் காணாமல் போய்விடுகிறீர்கள். "இசை ஒலிக்கிறது" என்று ஒரு வரி வரும். சில சமயம் அதுவும் வராது. யாரும் வாய் திறக்காத அந்த இரண்டு நிமிடத்தில் கதையை நடத்துவதே பாட்டுதான்.

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரின் கடைசி அத்தியாயத்தை (2013) எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் பார்க்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிவிடவும். பனி மூடிய காருக்குள், போதைப்பொருள் காய்ச்சும் நாயகன் வால்டர் ஒயிட் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறான். டாஷ்போர்டு பெட்டியைக் குடைகிறான். பாடகர் மார்ட்டி ராபின்ஸின் கேசட் ஒன்று விழுகிறது. சாவி கிடைத்து வண்டி உயிர்பெற்றதும் 'எல் பாசோ' பாடுகிறது, 1959இல் வந்த பாட்டு. பாட்டின் கதை இது: ஃபெலினா என்ற பெண்ணுக்காக ஒருவனைச் சுட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடிய கௌபாய், போனால் உயிர் போகும் என்று தெரிந்தே அவளைத் தேடித் திரும்பிவந்து குண்டடிபட்டுச் சாகிறான். அத்தியாயத்தின் பெயரும் 'ஃபெலினா'தான். (அந்த ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'ஃபினாலே', அதாவது 'இறுதி', என்று வரும், அது தனி வேடிக்கை.) மொத்த முடிவையும் தொடக்கத்திலேயே ஒரு கேசட் போட்டு உடைத்துவிடுகிறது. பாட்டு புரியாதவனுக்கோ அது கார் ரேடியோ சத்தம்.

முடிவில் அவன் ஆய்வகத்துக்குள் தனியாக நடக்கிறான். பேட்ஃபிங்கர் இசைக்குழுவின் 'பேபி ப்ளூ' ஒலிக்கிறது. காதலியை நினைத்து உருகும் பாட்டு. அவன் கை தடவிக்கொடுப்பதோ ஓர் இரும்புக் கலனை. அவன் காய்ச்சிய போதைப்பொருளின் நிறம் நீலம். "எனக்காகத்தான் செய்தேன்" என்று மனைவியிடம் சற்றுமுன் ஒப்புக்கொண்டது வசனம், அது தமிழில் வந்துவிடும். யாரைக் காதலித்தான் என்பதைப் பாட்டுதான் சொல்கிறது.

'தி வயர்' என்ற இன்னொரு அமெரிக்கத் தொடர் இன்னும் கமுக்கம். டாம் வெயிட்ஸ் எழுதிய ஒரே பாட்டுதான் ஐந்து சீசனுக்கும் முகப்பு; சீசனுக்கு ஒரு குரல். நான்காவது சீசன் பள்ளிப் பிள்ளைகளின் கதை. அதில் பாடுகிறவர்கள், கதை நடக்கும் அதே பால்டிமோர் நகரத்தின் பதின்வயதுப் பிள்ளைகள். சாத்தானைக் குழியிலேயே அடக்கி வை என்கிற பாட்டைப் பிள்ளைகளின் வாயில் கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. நாங்களோ 'முகப்பைத் தவிர்' பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறோம்.

பாட்டு வரிகளை மொழிபெயர்க்கத் தனியாக உரிமை வாங்க வேண்டியிருக்கலாம், புரிகிறது. வரிக்கு வரி வேண்டாம். பாடியவர் பெயர், பாட்டின் பெயர், அது எதைப் பற்றியது என்று ஆறேழு சொல். எந்தப் பாட்டு என்று தெரிந்துகொள்ளக் காட்சியை நிறுத்தி, போனை டிவிக்கு நேரே நீட்டும் வேலையாவது மிச்சமாகும்.

மாதிரிக்கு நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்:

(மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாசோ':
காதலிக்காகச் சாகத் திரும்புகிறவன் பாட்டு)

உங்கள் இரண்டு வரிக் கணக்குக்குள் அடங்குகிறது.

இப்படிக்கு,
ரிமோட்டும் போனுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகன்