அக்ராவிலிருந்து வசந்திக்கு

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அப்பா நினைவு நாளுக்கு ஒதுக்கும் பணத்தை இந்த வருடம் இங்கே அனுப்பலாம், நல்ல அனாதை இல்லமாகப் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். என் பதில் உனக்குப் பிடிக்காதே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இல்லத்துக்கு வேண்டாம், வசந்தி.

கானாவில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள். அரசே இதைக் கண்டுகொண்டு, பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலையில் இறங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. வெளிநாட்டுப் பணம் வந்தால் கட்டில்கள் கூடும். கட்டிலை நிரப்பப் பிள்ளைகள் வேண்டுமே!

போன சனிக்கிழமை மக்கோலா சந்தையில் யாம் கிழங்கு வாங்கினேன். கூப்பிடாமலே ஒரு பெண் வந்து நின்றாள். பதினாறு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. தலையில் அண்டா மூடி அகலத்துக்கு ஒரு பேசின், அடியில் பழந்துணிச் சும்மாடு, முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிய குழந்தை. கடைக்கார அம்மாள் கைகொடுக்க, முழங்காலை மடித்துச் சுமையை ஏற்றிக்கொண்டு எழுந்தாள். பேசின் சாயவில்லை. குழந்தையின் தலைதான் பின்னால் தொங்கி ஆடியது. ட்ரோட்ரோ வண்டி நிற்கும் இடம் வரை அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இப்படிச் சந்தையில் சுமை தூக்கும் பெண்களைக் 'கயாயெய்' என்கிறார்கள். ஹௌசா மொழியில் 'கயா' என்றால் சுமை; 'யெய்' என்பது இவ்வூர் கா மொழியில் பெண்கள். பெரும்பாலும் கானாவின் வடக்கிலிருந்து வருகிறவர்கள். அங்கே வருடத்துக்கு ஒரே மழைக்காலம். அது முடிந்தால் வயலில் வேலையில்லை. கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்க்க வருகிறவள் உண்டு, பிடிக்காத கல்யாணத்துக்குத் தப்பி வருகிறவளும் உண்டு. ராத்திரி கடை வாசலில் படுக்கை. அந்த வாசலில் என்னென்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. சுமை தூக்கும் இவர்களிடமும் சந்தை வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை ரத்து செய்யவே 2017 ஆகிவிட்டது!

இங்கே ஸ்ட்ரீட் கேர்ள்ஸ் எய்ட் என்றொரு அமைப்பு 1994 முதல் இருக்கிறது. தெருவில் வாழும் கர்ப்பிணிப் பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்துப் பிரசவம் பார்க்க வைக்கிறார்கள். உழைக்கும் இளம் தாய்மாருக்குக் குழந்தைக் காப்பகமும் உண்டு. அரசு மருத்துவமனையில் பிரசவம் 2008 முதல் இலவசம்தான். ஆனால் வடக்கத்தி மொழியான தாக்பானி மட்டும் தெரிந்த பெண்ணுக்கு எந்த வாசலில் நுழைவது என்றே தெரியாது. கூடப் போக ஓர் ஆள் வேண்டும்.

சந்தைப் பக்கத்துக் காப்பகம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். மத்தியானம், பால் கொடுக்க வந்த தாய்மாரின் பேசின்கள் வாசலில் கவிழ்த்துக் கிடந்தன. உள்ளே பாயில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆயா எழுந்து நடக்கிற பிள்ளையைத் துரத்துகிறாள், இன்னொருத்தி கஞ்சி ஆற்றுகிறாள். சாயங்காலமானால் இதே பிள்ளைகள் கடை வாசலுக்குத்தான் திரும்ப வேண்டும். அதை இந்தக் காப்பகம் மாற்றிவிடாது. ஆனால் பகல் முழுக்க முதுகில் வெயிலில் தொங்கவில்லை, அம்மாவுக்கும் இன்னும் இரண்டு நடை கூடுதலாகப் போக முடிகிறது.

அதனால் மொத்தமாக அனுப்பாமல், ஓர் ஆயாவின் சம்பளம் என்று மாதாமாதம் கொடுக்க முடியுமா பார். கட்டடம் கட்டித்தர ஆள் கிடைக்கிறார்கள். சம்பளம் கொடுக்கத்தான் யாரும் முன்வருவதில்லை, அதில் பெயர் பொறிக்க இடமில்லையே. அப்பா கோபிக்க மாட்டார். நம் பள்ளிக்கூட ஆயாவுக்குத் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர் அல்லவா? நீ சரியென்றால் கணக்கு வழக்கெல்லாம் விசாரித்து எழுதுகிறேன்.

இங்கே ஹார்மட்டான் புழுதிக் காற்று. கறிவேப்பிலைச் செடி காய்ந்தேவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா, இல்லை இன்னும் தைலம்தானா?

அன்புடன்,
மீனா